தஞ்சாவூர் வெயிலுக்கு உல்லன் எதற்கு?

கேள்வி (9 ஜூலை 2024)
ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் சரி. திருவையாற்றில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்கிறீர்கள். ஆற்றில் மணல்தான் ஓடுகிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. யார் போட்டுக்கொள்ள? அதிலும் ஆம்பளை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

10 ஜூலை 2024
ஆம்பளை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நான் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆள். வெண்ணாறும் வெட்டாறும் பிரிகிற தென்பெரம்பூரில் சில வருஷம், அப்புறம் வேறு வேறு மதகுகள். முறைப்பாசனம் ஓடும்போது ராத்திரி ஒரு மணிக்கு ஃபோன் வரும், அரையடி ஏற்று என்று. ஏற்றியாகிவிட்டது. அடுத்த ஃபோன் வரும்வரை என்ன செய்வது? தூங்கினால் மெமோ. பீடிதான் துணை.

என் அக்கா பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் பின்னக் கற்றவள். ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது, "தம்பி, அந்தக் கையில் பீடி இருக்கிற நேரத்துக்கு இது இருக்கட்டும்" என்று இரண்டு ஊசியையும் ஒரு உண்டை நூலையும் கொடுத்தாள். பீடி போய்விட்டது. ஊசி போகவில்லை.

யார் போட்டுக்கொள்ள என்றால், நான்தான். ஐப்பசி கார்த்திகையில் மழையில் நனைந்துவிட்டு ராத்திரி ஆற்றங்கரையில் நின்று பாருங்கள். தெர்மாமீட்டர் 22 என்று காட்டும், பல் தந்தியடிக்கும். 2005-இல் கொள்ளிடம் கரைபுரண்டபோது மணல் மூட்டைக்கு நடுவில் என் முதல் ஸ்வெட்டரோடு நின்றிருக்கிறேன். அது ஒரு கையில் நீளம், மறு கையில் குட்டை. காய நான்கு நாள் ஆனது.

10 ஜூலை, இரவு
இன்னொன்று விட்டுப்போச்சு. கேள்வி கேட்டவர் இப்போது பனியன் போட்டிருந்தால் அதைக் கழற்றிக் கண்ணருகில் வைத்துப் பார்க்கட்டும். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'வி' வரிசையாக அடுக்கியிருக்கும். உள்பக்கம் அரிசி கொட்டினாற்போல் முண்டு முண்டாக இருக்கும். வெளியே தெரிவது நிட், உள்ளே தெரிவது பர்ல். நான் ஊசியில் போடுவதும் அதே கண்ணிதான், அதாவது நூல் வளையம். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருட்டிக்கொள்ளும், என் ஸ்வெட்டர் ஓரமும் அப்படியே சுருட்டிக்கொள்ளும். அதனால்தான் ஓரத்தில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றிப் போட்டுக் கட்டுகிறோம். ஆக, தஞ்சாவூர் வெயிலில் ஊரே பின்னலைத்தான் உள்ளே போட்டுக்கொண்டு திரிகிறது.

14 ஜூலை 2024
ஊசி நம்பர் கேட்டிருந்தார்கள். சாதாரண நாலு இழை உல்லனுக்கு 8ஆம் நம்பர், அதாவது 3.25 மில்லிமீட்டர்.

15 ஜூலை 2024
மேலே எழுதியது தப்பு. 10ஆம் நம்பர்தான் 3.25. எட்டாம் நம்பர் 4 மில்லிமீட்டர். நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் நடக்கிறது, நம்பர் கூடக் கூட ஊசி மெலிந்துகொண்டே போகும். பருத்தி நூலுக்கும் அதே தலைகீழ்க் கணக்கு, 40ஆம் நம்பர் நூல் 20ஐவிட மெல்லிசு. இருபது வருஷமாகப் பின்னுகிறவன் இதில் தடுமாறியதை அக்காவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

29 ஜூலை 2024
வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 போய், ஒரு வழியாக நேற்று மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது. இதற்கும் பின்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இல்லை. சந்தோஷத்தில் நேற்று ராத்திரி ஒரு முழம் பின்னிவிட்டேன், காலையில் பார்த்தால் பன்னிரண்டாவது வரிசையில் ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி கீழே இறங்கியிருந்தது. குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாகக் கொக்கி போட்டு மேலே ஏற்றினேன். பிரிக்க வேண்டியதில்லை, புதிதாகப் பின்னுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

4 ஆகஸ்ட் 2024
நேற்று ஆடிப்பெருக்கு. அக்கா குடும்பம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தது. புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. பழுப்பு நிறத்தில் புதுத்தண்ணீர், அதில் காதோலை கருகமணி, பூ, மாவிளக்கு எல்லாம் மிதந்து போகிறது. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நாலு சாதமும் படியிலேயே காலி. சோறு கட்டிக்கொண்டு போனால் ஆற்றங்கரையில்தான் பசி எடுக்கும், வீட்டில் எடுக்காது.

அக்கா பேரன்கள் இழுத்த சப்பரத்துக்கு மிச்ச உல்லனில் முக்கோணக் கொடிகள் பின்னிக் கொடுத்திருந்தேன், பதினோரு கொடி. திரும்பும்போது எட்டு இருந்தது. மூன்றைக் காவிரிக்குக் கொடுத்ததாகச் சின்னவன் சொன்னான். கேட்டால் அவளும் குளிரில் இருப்பாளாம்.

பெரிய செய்தி இனிமேல்தான். என் மகளுக்கு நான்காம் மாதம். தைக்கு முன்னே பின்னே. படித்துறையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும்போதே எனக்கு மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்கு ஒரு போர்வை, முக்கால் மீட்டருக்கு முக்கால் மீட்டர்.

6 ஆகஸ்ட் 2024
தடை வந்துவிட்டது. அக்கா ஃபோனில், "பிறக்கிறதுக்கு முன்னால் குழந்தைக்குத் துணி எடுக்கிறதும் இல்லை, தைக்கிறதும் இல்லை. உனக்குத் தெரியாதா?" என்றாள். பின்னுவது தைப்பதாகுமா என்று கேட்டேன். "ஊசிதானே?" என்றாள். அதற்கு மேல் என்ன வாதாட?

7 ஆகஸ்ட் 2024
மூடநம்பிக்கை, அக்காவுக்குத் தெரியாமல் பின்னுங்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மூடநம்பிக்கைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜூன் 12 என்று நம்பி நாற்று விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தவர்களை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டித் தயாராவதற்குப் பயப்படுகிறவர்களைச் சிரிக்க எனக்கு வாய் வராது.

தெரியாமல் பின்னுவது நடக்காது. அவளிடமிருந்து ஒளித்து ஒன்றும் செய்து எனக்குப் பழக்கமில்லை, பீடியைத் தவிர. அதையும் கண்டுபிடித்தாள்.

12 ஆகஸ்ட் 2024
வேறு கேள்வி: அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி வருகிறதே, அந்த ரோமத்தை நூற்கலாமா?

முடியாது. அவை கறிக்கும் புழுக்கைக்கும் வளர்க்கிற ஆடுகள். உடம்பில் இருப்பது முடி, கம்பளி இல்லை. நம் மாநிலத்தில் மெல்லிய கம்பளி தருவது நீலகிரிச் செம்மறி, அது மலையில். எங்கள் வயலுக்கு வருகிற ஆடு உரம் கொடுக்கும், அரிசி வழியாகத்தான் அது நம் உடம்புக்கு வரும். கிடைக்காரர் ஒருவரிடம் ஒரு காலத்தில் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் நெசவா?" என்றார்.

9 செப்டம்பர் 2024
மானம் போன கதை ஒன்று. அக்கா வீட்டுக்காரர், என் அத்தானுக்கு எழுபது. திருக்கடையூரில் பீமரத சாந்தி. எல்லோரும் பொன்னாடை போர்த்துவார்கள், ஒரு நாளோடு பீரோவுக்குள் போய்விடும். நாம் உருப்படியாக ஒன்று செய்வோம் என்று பருத்தியில் ஒரு சால்வை பின்னினேன். கெட்டி நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, தளர்த்திப் போட்ட கண்ணி, 700 கிராம். வீட்டில் போர்த்திப் பார்த்தபோது இடுப்பு வரை வந்தது, அழகாகத்தான் இருந்தது.

ஆர்வக் கோளாறில் கலசாபிஷேகத்துக்கு முன்பே போர்த்திவிட்டேன். குடும்பம் பெரிசு, பிள்ளைகள், மருமக்கள், பேரன்கள், சம்பந்திகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றினார்கள். பருத்தி குடித்தது. ஒவ்வொரு கலசத்துக்கும் சால்வை ஓர் அங்குலம் இறங்கியது. முதலில் தொடை, அப்புறம் முழங்கால். கடைசியில் அத்தான் எழுந்தபோது கணுக்காலில் நின்றது, தண்ணீர் வாய்க்கால் மாதிரி வடிந்துகொண்டு. "மாப்பிள்ளை, இது வளருதே" என்றார். போட்டோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

10 செப்டம்பர் 2024
இந்த லட்சணத்தில் வீட்டுக்கு வந்து அதைக் கொடியில் தொங்கவிட்டேன் பாருங்கள், அதுதான் இரண்டாவது முட்டாள்தனம். ஈரப் பருத்தியின் எடையே அதை இழுக்கும். பின்னிய பருத்தியைத் தொங்கப்போடவே கூடாது. துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாயில் படுக்கவைத்து, வேண்டிய அளவுக்குத் தட்டி ஒதுக்கிக் காயவிட வேண்டும். கம்பளி நீட்டினால் திரும்பி வரும், பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. மெல்லிய ஊசியில் இறுக்கிப் போட்டிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும்.

அத்தான் அதைக் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ள வைத்துக்கொண்டார். ஊரில் இதைப்போல ஈரம் இழுக்கிற துண்டு கிடையாது என்கிறார். மனசார.

11 செப்டம்பர் 2024
"டெல்டாவுக்குப் பின்னல் ஒத்துவராது என்பது இப்போதாவது ஒத்துக்கொள்கிறீர்களா?"

சால்வை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கோதாவரி டெல்டாவில் நரசாபுரம் என்று ஓர் ஊர். நம் ஊர் மாதிரியே வெயில், புழுக்கம், நெல், தென்னை. அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா ஊசியில் பருத்தி நூல் லேஸ் போடுகிறார்கள். மிஷனரிகள் கற்றுக்கொடுத்தது, புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. குளிருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

22 செப்டம்பர் 2024
நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பரணிலிருந்து எதையோ எடுக்கச் சொன்னாள். தகர டப்பா ஒன்று கையில் வந்தது. திறந்தேன். உள்ளே வெளிர் மஞ்சளில் ஒரு குல்லா, உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் பூச்சி அரித்திருந்தது. கண்ணி எல்லாம் ஒரே சீர், அக்கா கைவேலை என்று பார்த்ததுமே தெரிகிறது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசிருக்கும். அவளுக்கு முதலில் பிறந்தது தங்கவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் டப்பாவை வாங்கி மூடி வைத்தாள். "காபி போடட்டுமா?" என்றாள்.

ஆகஸ்ட் 7-இல் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நாற்று, மேட்டூர் என்று ஏதோ பெரிதாக விளக்கியிருக்கிறேன். விஷயம் அது இல்லை. மூடநம்பிக்கை என்று எழுதியதை எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். இருக்கட்டும்.

23 செப்டம்பர் 2024
கிளம்பும்போது வாசலில் அவளே சொன்னாள்: "பின்னு. ஆனா முடிச்சிடாதே. முடிக்காத துணி துணியே இல்லை."

2 அக்டோபர் 2024
நூல் வந்துவிட்டது. மாப்பிள்ளை திருப்பூரில் பின்னல் துணி யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிறார். 10ஆம் நம்பர் பருத்தி, எட்டு இழை சேர்த்து முறுக்கியது, 400 கிராம், பால் வெள்ளை. "எங்க மெஷின் டீ குடிக்கிற நேரத்துக்குள்ள முடிச்சிடும் மாமா" என்றார். முடிக்கக் கூடாது என்பதுதான் இங்கே உத்தரவு என்று நான் சொல்லவில்லை.

திருக்கடையூர்ப் பாடத்துக்குப் பிறகு கோணலாகப் பின்னுகிற முறையை எடுத்துக்கொண்டேன். ஒரு மூலையில் நான்கு கண்ணியில் தொடக்கம். இரண்டு பக்கமும் நிட் மட்டும், வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 210 வந்ததும் திரும்பி, வரிசைக்கு ஒன்று குறைத்துக்கொண்டே வந்தால் எதிர்மூலையில் மறுபடியும் நான்கு. மொத்தம் 412 வரிசை, கிட்டத்தட்ட 44,000 கண்ணி. இதில் ஓரம் சுருளாது, முன்பக்கம் பின்பக்கம் வித்தியாசமும் கிடையாது.

நூல் போதுமா என்ற கவலையும் இல்லை. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் உண்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன், 200 கிராம் மிச்சம் என்றால் பாதி வந்துவிட்டது, திரும்ப வேண்டியதுதான். கடைக்காரர் முதல் நாள் சிரித்தார். இப்போது அவரே, "இன்னிக்கு 398 சார்" என்கிறார்.

5 அக்டோபர் 2024
ஓரத்தில் நூலைத் தூக்கிப் போட்டுக் கண்ணி கூட்டினால் வரிசையாக ஓட்டை விழுமே, குழந்தை விரல் மாட்டாதா என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மாட்டும். நான் யோசிக்கவே இல்லை. பதினெட்டு வரிசையைப் பிரித்துவிட்டு, ஒரே கண்ணியில் முன்னும் பின்னும் குத்தி இரண்டாக்குகிற முறைக்கு மாறிவிட்டேன். ஓட்டை இல்லை. நன்றி அம்மா.

11 நவம்பர் 2024
வளைகாப்பு நேற்று நல்லபடியாக முடிந்தது. ஏழு வகைச் சாதம், கை நிறைய வளையல், சம்பந்தியம்மா பாட்டு. வளைகாப்பில் அப்பாவுக்கு என்ன வேலை என்றால் பந்தியில் இலை போடுவது, அப்புறம் மழைக்குப் பந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மகள் எங்களோடு வந்துவிட்டாள். போர்வை இறங்குமுகத்தில், 131 கண்ணி.

28 நவம்பர் 2024
அடைமழை. நூல் ஈரம், கை ஈரம், அலுமினிய ஊசியில் கண்ணி நகர மாட்டேன் என்கிறது. மூங்கில் ஊசி இன்னும் மோசம். ஊசியை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்துப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை, வீட்டில் திட்டு மட்டும் கிடைத்தது.

1 டிசம்பர் 2024
ஃபெஞ்சல் புயல் நேற்றுப் புதுச்சேரிப் பக்கம் கரையேறிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் மழை என்றால் ராத்திரி இரண்டு தரம் எழுந்து ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த ஒற்றைக்கை நீள ஸ்வெட்டர் இன்னும் இருக்கிறது. போட்டுக்கொண்டுதான் போனேன், கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

20 டிசம்பர் 2024
மார்கழி பிறந்து ஐந்து நாளில் மஃப்ளருக்கு மூன்று ஆர்டர், எல்லாம் பஜனை கோஷ்டி. ஊருக்கே கேட்கிற மாதிரி பாடுகிறவர்களுக்குக் காது மட்டும் குளிர்கிறது. இரண்டு நிட், இரண்டு பர்ல், 48 கண்ணி, ஒரு ஆள் உயரத்துக்குப் பின்னினால் போதும்.

போர்வையில் நான்கு கண்ணிதான் பாக்கி. அக்கா சொன்னபடி ஒரு பெரிய ஊக்கில் அந்த நான்கையும் கோர்த்து, நூலை வெட்டாமல் உண்டையோடு சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

15 ஜனவரி 2025
மாட்டுப் பொங்கல். பக்கத்து வீட்டுக் கன்றுக்குக் கழுத்துப்பட்டை பின்னிக் கட்டினேன், சிவப்பும் பச்சையும். தாய்ப்பசு அதை மென்று தின்றுவிட்டது. பருத்தி நூல்தான், ஒன்றும் ஆகவில்லை.

17 ஜனவரி 2025
பெண் குழந்தை. நேற்று, காணும் பொங்கல் அன்று சாயங்காலம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். தாயும் சேயும் நலம்.

போர்வையைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். நர்ஸ் வந்து சொன்னதும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஊக்கைத் திறந்தேன். இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைக்கு மேல் தாண்டவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று. ஒரு நிமிஷ வேலை. கை நடுங்கி ஒரு கண்ணி நழுவி, பிடித்து, மறுபடி நழுவி, பத்து நிமிஷம் ஆனது. கத்தரிக்கோல் எடுத்துப்போக மறந்திருந்தேன். பல்லால் கடித்தேன். அக்காவுக்கு ஃபோன் போட்டேன், பெண் குழந்தை என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அடைச்சிட்டியா?" என்றாள். "அடைச்சிட்டேன்க்கா."

18 ஜனவரி 2025
தியாகராஜர் ஆராதனை நாளில் இத்தனை வருஷத்தில் முதல் தரமாக நான் ஊரில் இல்லை. பஞ்சரத்னத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபோனில் கேட்டேன். எதிர் பெஞ்சுக்காரர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

1 பிப்ரவரி 2025
நேற்றுப் பதினாறாம் நாள், தொட்டில் போட்டாயிற்று. போர்வை எப்படி என்று கேட்டு ஆறு பேர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையைப் பழைய பருத்தித் துணியில்தான் சுற்றுவார்கள். என் பழைய எட்டு முழம் வேட்டியைக் கிழித்து அதில்தான் இத்தனை நாளாகச் சுற்றியிருக்கிறது, தூளி அக்காவின் பழைய சுங்குடிச் சேலை. 44,000 கண்ணிக்கு வேலையே இல்லை. போர்வை இப்போது மேற்கு ஜன்னலில் தொங்குகிறது, மதிய வெயில் தூளிமேல் விழாமல். நான்தான் ஆணியில் மாட்டினேன், தொங்கப்போடக் கூடாது என்று எழுதிய அதே ஆள். ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது.

ஆமாம், வெயிலுக்குத்தான் பயன்படுகிறது. கேள்வி கேட்டவர் சிரித்துக்கொள்ளலாம்.

3 பிப்ரவரி 2025
தூளிக் கயிற்றில் கட்ட ஒரு கிளி ஆரம்பித்திருக்கிறேன், 24 கண்ணி, மஃப்ளரில் மிஞ்சிய பச்சை. மூக்குக்குச் சிவப்பு இல்லை, இருந்ததைப் பசு தின்றுவிட்டது. திருவையாறு பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். முழு உண்டை வேண்டாம், நாலு முழம் போதும்.